லூயி-லு-கிரானில் இடம் கிடைத்தது, என் பெயரில்தான் சிக்கல்

பாரிஸ் லூயி-லு-கிரான் லிசேயில் (மேல்நிலைப் பள்ளி) மகளுக்குக் கணித-இயற்பியல் பிரெப்பா (உயர்கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்பு) இடமும் விடுதியும் கிடைத்து, போன வாரம் பதிவை முடித்தோம். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. உதவித்தொகைக் கடிதம் ஒன்றுக்காக அவ்வளவு அலைந்துவிட்டேன்.

முதல் தடை விண்ணப்பத்துக்கு முன்பே வந்தது. எங்கள் ஊரில் அவளுடைய ஆசிரியர் ஒருவர், "அது உங்களுக்கான இடமில்லை" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். கணிதத்தில் இருபதுக்குப் பதினெட்டுக்குக் கீழே போகாத பிள்ளை அவள்! அந்தப் பள்ளியின் பெயர் அப்படி மிரட்டுகிறது. மோலியேர், வோல்தேர், விக்டர் ஹியூகோ என்று பட்டியலைக் கேட்டாலே நம்மைப் போன்றவர்கள் ஒதுங்கிவிடுகிறோம்.

மகள்தான் அதன் வரலாற்றைத் தேடி எடுத்து எனக்குச் சொன்னாள். 1563இல் இயேசு சபையினர் தொடங்கியது. 1682இல் பதினான்காம் லூயியின் பெயரைப் பெற்றது. 1762இல் இயேசு சபையினரை வெளியேற்றிய பிறகு, பாரிஸின் சின்னக் கல்லூரிகளில் உதவித்தொகையில் படித்த பிள்ளைகளை எல்லாம் இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்களாம். ரொபெஸ்பியர் 1769இல் அராஸிலிருந்து வந்ததும் உதவித்தொகையில்தான். 1928இல் செனகலிலிருந்து பாரிஸுக்கு வந்த செங்கோர் இங்கே பொம்பிதுவோடு படித்தார். பின்னாளில் ஒருவர் செனகலுக்கும் மற்றவர் பிரான்சுக்கும் ஜனாதிபதி ஆனார்கள். அவளுக்கோ எவாரிஸ்ட் கல்வா ஒருவர் போதும். 1823இல் இங்கே சேர்ந்து, 20 வயதில் இறப்பதற்குள் இயற்கணிதத்தின் போக்கையே மாற்றியவர். "ஒரு விருப்பம்தானே, போடுவம் அப்பா" என்றாள். போட்டோம்.

இது அரசுப் பள்ளி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கும் விடுதிக்கும்தான் பணம். தனியார் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் அரசுத் தளமான பார்கூர்சுப்பில் விருப்பங்களைப் போட்டதும், ஏன் சேர விரும்புகிறாள் என்று கடிதம் எழுதியதும் சிரமமில்லை. விடுதியோடு, விடுதி இல்லாமல் என்ற இரண்டையும் குறியுங்கள். அது தனி விருப்பமாகக் கணக்கில் வராது. கடைசியில் ஒவ்வொரு விருப்பத்தையும் உறுதி செய்யாவிட்டால் எல்லாம் வீண். ஜூனில் விடுதி இல்லாமல் இடம் வந்தது, விடுதிக்குக் காத்திருப்பு. வந்ததை ஏற்றுக்கொண்டு காத்திருப்பையும் விடாமல் வைத்தோம். எட்டு நாளில் விடுதியும் வந்தது.

உதவித்தொகையில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வழக்கப்படி மகளின் குடும்பப் பெயர் என்னுடைய பெயர். வரி அறிவிப்பில் என் குடும்பப் பெயரோ என் அப்பாவின் பெயர். கோப்பைப் பார்த்த அலுவலர், "இருவருக்கும் பெயர் வேறு, இவர் உங்கள் மகள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்கு முதலில் வரும் என்று விளக்கினேன். தலை நிமிராமல் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்.

அரை நாள் வேலையை விட்டுவிட்டு அடுத்த முறை போனேன். நான் எடுத்துப்போனது பெற்றோர் பெயர் இல்லாத சுருக்க நகலாம்! அதைக் கொடுத்தபோதும் எது வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. "இது போதாது" என்பதோடு சரி. பக்கத்து மேசையில் இருந்த இளம்பெண் ஒருத்திதான் ஒரு தாளில் "முழு நகல்" என்று எழுதித் தந்தார். மகள் பிறந்த ஊர் மெரியிடம் (நகராட்சி அலுவலகம்) இணையத்தில் கேட்டேன். இலவசம், ஆறாம் நாள் தபாலில் வந்தது. மூன்றாம் முறை கோப்பு நகர்ந்தது. பதிவு முடிந்தால் உதவித்தொகை உண்டு என்று சொல்லும் நிபந்தனைக் கடிதம், பதிவுக்கு நான்கு நாள் முன்னால் வந்து சேர்ந்தது.

அந்தக் கடிதத்தோடு சான் ழாக் வீதியில், சொர்போனுக்கு எதிரே, அந்தக் கதவு வழியாக உள்ளே போனோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. பெயரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் ஒன்று. பிரெப்பா மாணவர்கள் பல்கலைக்கழகத்திலும் பதிய வேண்டும், அதற்கு முன் CVEC என்ற மாணவர் வாழ்க்கைக் கட்டணம் இருக்கிறது. உதவித்தொகை பெறுபவர்களுக்கு அது இல்லை. ஆனாலும் விலக்குச் சான்றை CVEC தளத்தில் இறக்கி எடுத்தே ஆக வேண்டும். முழு நகலில் மூன்று படிகள் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று இப்போதே அவளுடைய பெட்டிக்குள் போய்விட்டது.