அப்பென்னைன் மலை எங்கே முடிகிறது?

வரைபடத்தைப் பார்த்தால், இத்தாலியின் வடக்கு அப்பென்னைன் மலைத்தொடர் அட்ரியாட்டிக் கரைக்குச் சற்று முன்பாகவே தாழ்ந்து முடிந்துவிடுவதாகத் தோன்றும். உண்மையில் அதன் மடிப்புகளும், ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றின் மீது ஏறி அமரும் உந்துபிளவுகளும் கடலடியில் பல கிலோமீட்டர் தொடர்கின்றன. அந்தத் தொடர்ச்சியை நிலத்தில் இயன்றவரை பின்பற்றிச் செல்லவே உம்பிரியாவின் குப்பியோ நகரிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டேன்.

குப்பியோவுக்குப் பின்னாலுள்ள பொத்தாச்சியோனே பள்ளத்தாக்கில், சிவந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண் படிவு இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதியதற்குச் சான்றாக, அதில் மிகுந்துள்ள, பூமியின் மேற்பரப்புப் பாறைகளில் அரிதான இரிடியம் என்னும் உலோகத்தை லூயிஸ் அல்வாரெஸும் வால்டர் அல்வாரெஸும் அவர்களது குழுவினரும் 1980இல் எடுத்துக்காட்டினர். வருவோர் பலரும் அந்தக் களிமண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்; அதே அளவு கவனத்துக்குரியது அடுக்குகளின் சாய்வு என்பேன். ஆழ்கடல் தரையில் கிடைமட்டமாகப் படிந்தவை இங்கே வடகிழக்கு நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஒரு பெரிய மேல்மடிப்பின், அதாவது மேல்நோக்கி வில்போல் வளைந்த பாறை மடிப்பின், கிழக்குத் தோள் இது. அதன் மேற்குத் தோளைப் பிற்காலப் பிளவொன்று வெட்டிக் கீழிறக்கியதால் உண்டான சமவெளியின் ஓரத்தில்தான் நகரம் அமைந்திருக்கிறது. நெருக்கத்தால் எழுந்த மலை, இன்று அதே இடத்தில் இழுபட்டு விரிகிறது.

ஃபிளாமினியா சாலையில் வடகிழக்கே சென்றால் வரும் ஃபுர்லோ பள்ளத்தாக்கில், காந்திலியானோ ஆறு அடுத்த மடிப்பை அடிவரை அறுத்திருக்கிறது. கி.பி. 76இல் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் குடையப்பட்ட சுரங்கவழியில் இன்றும் போக்குவரத்து உண்டு. அதைச் சுற்றியுள்ள வெண்ணிறப் பாறை, ஜுராசிக் காலத் தொடக்கத்தில் ஆழமற்ற கடலில் படிந்த தடித்த சுண்ணாம்புப் பாறை. இதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், அதற்கு முந்தைய டிரையாசிக் காலத்து உப்புநீர் வற்றிப் படிந்த அன்ஹைட்ரைட் அடுக்குகள் உள்ளன. வலுக்குறைந்த அந்த அடுக்குகளின் மீது வழுக்கித்தான் மேலுள்ள பாறைகள் பெயர்ந்து மடிந்தன.

ஃபுர்லோவைத் தாண்டியதும் மலை தணிந்து, இளைய களிமண், மணற்கல் குன்றுகளாகி, ஃபானோவில் சமதளக் கடற்கரையாகிவிடுகிறது. அங்கிருந்து கடலடியும் தட்டையானதுதான். போ உள்ளிட்ட ஆறுகள் கொண்டுவந்த வண்டல் மடிப்புகளை மூடிவிட்டது. எரிவாயு தேடியவர்கள் அதிர்வலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலிகளைப் பதிவுசெய்தபோது, கரைக்கு ஏறத்தாழ இணையாக வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் மேல்மடிப்புகள் வெளிப்பட்டன. மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல மடிப்புகளின் வயது குறைவதே இந்தப் பயணம் முழுவதையும் இணைக்கும் இழை.

அதற்குக் காரணம் அட்ரியா என்னும் சிறு புவித்தட்டு. அது மேற்கு நோக்கி அப்பென்னைனுக்கு அடியில் அமிழ்கிறது. அமிழும் பகுதி கிழக்கே பின்வாங்கப் பின்வாங்க, நெருக்கத்தின் முகப்பும் கிழக்கே நகர்ந்தது, அதைப் பின்தொடர்ந்து இழுவிசை வந்தது. இவ்விரண்டையும் நிலநடுக்கங்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. 2016 அக்டோபர் 30 அன்று நோர்ச்சியாவை உலுக்கிய 6.5 அளவு நிலநடுக்கம் மலையின் நடுவே நிலம் விரிந்ததால் நேர்ந்தது. 2022 நவம்பர் 9 அன்று பெசாரோவுக்கு எதிரே கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் 5.5 அளவில் நேர்ந்ததோ, கடலடியில் பாறை பாறையின் மீது ஏறியதால். இந்தக் கரையின் செனிகல்லியா நகரம் 1930இலேயே பெரும் சேதத்தைக் கண்டிருக்கிறது. மலை கண்பார்வையிலிருந்து மறைந்த இடத்தில் ஆபத்தும் மறைந்துவிட்டதாக எண்ணக் கூடாது என்பதால்தான், வண்டலுக்கு அடியிலுள்ள இந்த அமைப்பைத் துல்லியமாக வரைவது மிக அவசரமான பணி என்று கருதுகிறேன்.

புதைந்த மடிப்புகள் எப்படியிருக்கும் என்று காண விரும்புவோர் அன்கோனாவுக்குத் தெற்கே கோனெரோ மலைக்குச் செல்லலாம். 572 மீட்டர் உயரமுள்ள இந்த மேல்மடிப்பு கடலோரத்திலேயே எழுந்து நிற்கிறது. அதன் கிழக்குப் பகுதியை அலைகள் அரித்துவிட்டன. சிரோலோ கிராமத்திலிருந்து இறங்கும் பாதைகளில், குப்பியோவில் பார்த்த அதே வகைச் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளைச் செங்குத்துச் சுவர்களில் மீண்டும் காணலாம்.