வேற காலேஜ் பேரு

2004 மே மாசம். எம்.ஃபில். வேதியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். என் விண்ணப்பம் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு டிடிபி சென்டர் கம்ப்யூட்டரில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் பார்ப்பேன். திங்கட்கிழமை போய் மேலே இருக்கும் முகவரியை மட்டும் மாற்றச் சொல்லி பிரின்ட் எடுப்பேன். இப்படிப் பதினேழு கல்லூரிகளுக்கு அனுப்பினேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஆபீஸ் சூப்பிரண்டு வந்து என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஏங்கண்ணு, இது நம்ம காலேஜ் பேரு இல்லையே?" என்று கடைசிப் பத்தியைக் காட்டினார். "தங்கள் புகழ்பெற்ற" என்று தொடங்கி, நாமக்கல் கல்லூரி ஒன்றின் பெயர் இருந்தது. பேனாவால் அடித்துத் திருத்தினேன். உள்ளே போனதும் முதல் கேள்வியே அந்த அடித்தலைப் பற்றித்தான். வேலை கிடைக்கவில்லை.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். பெருந்துறைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் துறைத்தலைவர். ஒவ்வொரு மே மாசமும் ஒரு கட்டு விண்ணப்பம் மேசைக்கு வந்துவிடும். அட்மிஷன் கூட்டத்துக்கு நடுவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில்தான் அதைப் படிக்கிறோம். ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தாலே அதிகம். இவருக்குத் தகுதி இருக்கிறதா, எந்தப் பாடம் எடுப்பார், ஆராய்ச்சியில் என்ன செய்தார். நான் தேடுவது இவ்வளவுதான். ஆனால் அப்பா பெயர், ரத்த வகை, பொழுதுபோக்கு எல்லாம் தாண்டி நான்காம் பக்கத்தில்தான் அது அகப்படும்.

தகுதி விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகள்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், அதோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வோ தேறியிருக்க வேண்டும். விதிப்படி வாங்கிய பிஎச்.டி. இருந்தால் நெட், செட் இல்லாமலும் வரலாம். ஆனால் அந்தப் பட்டம் 2009 அல்லது 2016 விதிகளின்படி வழங்கப்பட்டது என்று பல்கலைக்கழகம் தரும் சான்று கையில் இருக்க வேண்டும். பட்டத்தை மட்டும் நகலெடுத்து வைத்துவிட்டு, "சான்று கேட்டிருக்கேனுங், அடுத்த வாரம் வந்துருமுங்" என்பார்கள். செட் கதை இன்னொன்று. வாளையாறைத் தாண்டினால் பாலக்காடு, கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அங்கேயும் விண்ணப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2002 ஜூனுக்குப் பிறகு எழுதித் தேறிய செட், எழுதிய மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும். என்னிடம் படித்த ஒரு பெண் பாலக்காட்டில் இன்டர்வியூ வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். போகும் முன் என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

ஆனால் விதி தெரியாததைவிட எனக்கு வருத்தமாக இருப்பது வேறு. கொங்கு நாட்டில் வேதியியல் பிஎச்.டி. என்றால் விண்ணப்பக் கட்டில் பாதி ஒரே ஜாடையில் இருக்கும்: சாயக்கழிவு நீரிலிருந்து கரியை வைத்து நிறத்தை நீக்குவது. தேங்காய்த் தொட்டிக் கரி, புளியங்கொட்டைக் கரி, வேப்பம்பட்டைக் கரி என்று கரி மட்டும் மாறும். தலைப்பு மூன்று வரிக்கு நீளும். நான் அலுத்துப்போய்ப் புரட்டிவிடுவேன்.

மூன்று வருஷம் முன்பு அப்படி ஒரு தம்பி வந்தார். டெமோ கிளாஸ் சுமார்தான். முதுகைக் காட்டிக்கொண்டு போர்டிலேயே பேசினார். கிளம்பும் நேரத்தில், "தண்ணி சாம்பிள் எங்க எடுத்தீங்க தம்பி?" என்று சும்மாதான் கேட்டேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில் அவருடைய சொந்தக் கிணறு என்றார். 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை அது. திருப்பூர்ச் சாயத் தண்ணீர்தான் வந்து தேங்கியது. அவர்கள் தென்னை காய்ந்தது, மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய மாமாவுக்குச் சம்பளம் நின்றது. கிணறு கெட்டதும் அதே வீட்டுக்கு, சம்பளம் போனதும் அதே வீட்டுக்கு. நிறம் போனால் போதாது, உப்பு போக வேண்டும், அதற்கு ஆகிற செலவுதான் சின்னப் பட்டறைக்காரர்களைச் சாய்த்தது என்று பத்து நிமிஷம் விளக்கினார். இந்த முறை எங்களைப் பார்த்துப் பேசினார். தாளாளர்கூட போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

இதில் ஒரு வரி விண்ணப்பத்தில் இல்லை. "ஏந்தம்பி எழுதல?" என்றேன். "அதெல்லாம் எழுதலாமுங்களா சார்?" என்றார்.

அந்த வருஷம் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு ஒருவருக்குப் போனது, அதற்குக் காரணம் விண்ணப்பம் அல்ல. சுயநிதிக் கல்லூரிகளில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அப்புறம் இன்னொன்று. பரிந்துரைக்கு ஒருவர் பெயரைப் போட்டால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் போன் போட்ட பேராசிரியர் ஒருவர், "அது யாருங்க?" என்று என்னையே கேட்டார்.

அடுத்த ஏப்ரலில் அந்தத் தம்பி கரூரில் ஒரு கல்லூரிக்குப் போடுவதாகச் சொல்லி, வாட்ஸப்பில் விண்ணப்பத்தை அனுப்பினார். முதல் பத்தியிலேயே கிணறு வந்துவிட்டது. எந்தெந்தப் பாடம் எடுக்க முடியும் என்பது இரண்டாம் பத்தியில். செட் சான்று எண் மேலேயே. எனக்கே பொறாமையாக இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தேன். "தங்கள் புகழ்பெற்ற" என்று தொடங்கி, எங்கள் கல்லூரியின் பெயர்.

உடனே கூப்பிட்டேன்.

"ஐயையோ சார், காலைலயே அனுப்பிட்டனுங்களே."

கரூரில் கடைசிப் பத்தி வரைக்கும் யாரும் படிக்கவில்லை போல. ஜூனில் சேர்ந்துவிட்டார்.