பக்கத்துத் தாள்

2014-ஆம் ஆண்டு தை மாதத்தில் எங்கள் அம்மாச்சி மறைந்தார். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்தவரின் வீட்டுச் சுவரில் அவர் வரைந்த படம் ஒன்றுகூடத் தொங்கியதில்லை. பெட்டிக்குள்ளாவது சில ஓவியங்கள் இருக்கும் என்று என் அம்மா நம்பியிருந்தார். உள்ளே இருந்தவை கோடு போடாத பழைய நோட்டுகள். எண்ணிப் பார்த்ததில் அறுபதுக்கு மேல் இருந்தன. ஒரு செம்பின் வாய், மாட்டின் பின்னங்கால், பூவரச இலை காம்போடு சேருமிடம், ஒரு காதுமடல் என்று பக்கத்துக்குப் பக்கம் துண்டுக் கோடுகளாகவே இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதியும் வகுப்பும் ஒரு பெயரின் முதலெழுத்தும் எழுதப்பட்டிருந்தன. சில பக்கங்களில் தேதியும் முதலெழுத்தும் மட்டுமே இருந்தன. கோடு ஏதும் இல்லை.

அவை என்னவென்று அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அம்மாச்சி எந்தப் பிள்ளையின் தாளிலும் தம் பென்சிலை வைத்ததில்லை. திருத்தம் சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பிள்ளையின் அருகே அமர்ந்து, தம் நோட்டைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து, தவறிய இடத்தை மட்டும் அதில் வரைந்து காட்டுவார். பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் தன் தாளில் தானே மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டாலும் அவர் வற்புறுத்த மாட்டார். அவர் பணியாற்றிய காலம் முழுவதும் ஓவியர் என்ற முறையில் அவர் வரைந்தவை அந்தப் பக்கத்துத் தாள்கள் மட்டுமே.

அம்மாச்சி 1938-இல் பிறந்தவர். பள்ளியிறுதி வகுப்பு முடித்தபின் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் இரண்டையும் எழுதித் தேறி, ஆசிரியர் பயிற்சியும் பெற்று, 1961-இல் கும்பகோணத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். 1996-இல் ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில்தான் இருந்தார். வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு ஒன்றோ இரண்டோ பாடவேளைதான் ஓவியத்துக்குக் கிடைக்கும். அதையும் பரீட்சை நெருங்கும்போது மற்றப் பாடங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அப்படி விட்டுக்கொடுத்த நாள்களை அவர் ஒரு தாளில் குறித்து வைத்து, அடுத்த பருவத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறார். கோபப்படாமல், ஆனால் ஒன்றையும் மறக்காமல் கேட்பார் என்று அவருடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர் துக்கம் கேட்க வந்தபோது சொன்னார்.

எனக்கு ஒன்பது வயதில் அவர் செம்பு வரையக் கற்றுக்கொடுத்தார். எல்லாக் குழந்தைகளையும் போல நானும் செம்பின் வாயை அகன்ற வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைந்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் நிறைந்த செம்பை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். வாய் ஒரு கோடாகத் தெரிந்தது. மெல்லக் கீழே இறக்கினார். கோடு திறந்து நீள்வட்டமாயிற்று. இன்னும் இறக்க இறக்க நீள்வட்டம் அகன்றுகொண்டே வந்து, தரையில் வைத்து நான் எழுந்து நின்று பார்த்தபோது ஏறக்குறைய முழு வட்டமாகிவிட்டது. "வாயை விட அடி உன் கண்ணுக்கு இன்னும் கீழதானே இருக்கு? அப்ப அது வாயை விடக் கூடத்தானே வளையணும்?" என்று மட்டும் கேட்டார். அதற்குமுன் நூறு முறை அந்தச் செம்பில் தண்ணீர் குடித்திருக்கிறேன். அன்றுதான் அதைப் பார்த்தேன். கண்மட்டம் என்ற சொல்லை அவர் அதன்பிறகுதான் சொன்னார். பார்த்து முடிக்கும்வரை பெயர் சொல்லக் கூடாது என்பது அவர் வழக்கம். பெயர் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பார்.

கற்பிப்பவர் என்பதாலேயே கற்பதை அவர் நிறுத்தியதில்லை. சுவாமிமலையிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி, ஸ்தபதி வீட்டுப் பெண், ஸ்கேல் இல்லாமலேயே உருவத்தின் அளவுகளைச் சரியாகப் பிரிப்பதைக் கவனித்து எப்படி என்று கேட்டிருக்கிறார். வீட்டில் தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பார்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். வார்க்க வேண்டிய சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்தால், முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று மடிப்புகளே சொல்லிவிடும். மறுவாரத்திலிருந்து அம்மாச்சியின் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஓலைக் கீற்று இருந்தது. பாதி, கால், அரைக்கால் என்று மடித்தபோது கணக்கில் பின்தங்கிய பெண்களுக்குப் பின்னமும் புரிந்துவிட்டதாம். கணக்கு டீச்சர் அதன்பின் பாடவேளை கேட்பதைக் குறைத்துக்கொண்டார் என்று அம்மாச்சி மகிழ்ச்சியோடு சொல்வார்.

ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை தாராசுரத்துக்கு நடத்தி அழைத்துப் போவார். கும்பகோணத்திலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேஸ்வரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை. கையை மாற்றினால் காளை. பெரும்பாலோர் அந்த வேடிக்கையோடு நகர்ந்துவிடுவார்கள். அம்மாச்சி அங்கேயே பிள்ளைகளை உட்காரவைத்து, எந்தக் கோடு யானைக்கும் காளைக்கும் பொது என்று கண்டுபிடித்து அதை மட்டும் வரையச் சொல்வார். அதற்கென்று அவரே கரிக்கோல் செய்து கொண்டுவருவார். விரல்நீளப் புளியங்குச்சிகளை மூடியுள்ள டப்பாவில் அடுக்கி, மூடியைச் சேற்று மண்ணால் பூசி அடைத்து, எரியும் உமிக்குள் புதைத்துவிட்டால், காற்றுப் படாமல் வெந்து மறுநாள் காலை நல்ல கரியாக இருக்கும். காசில்லாத வீட்டுப் பெண் காசில்லை என்ற காரணத்தால் ஓவியத்தை விட்டுவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்பு வரவழைப்பதையும் அதற்காகவே சொல்லிக்கொடுத்தார்.

2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது நானும் அவர்களில் ஒருத்தியானேன். வாரத்துக்கு மூன்று அரைநாள்கள். மாதம் 5,000 ரூபாய். ஆணையைக் கொண்டுபோய் அம்மாச்சியிடம் கொடுத்தேன். அதைக் கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டு உள்ளே போய், எழுதாத நோட்டு ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

அந்த நோட்டை முதல் ஆண்டில் நான் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் அருகிலும் அமர்ந்து தனித்தாளில் வரைந்து காட்ட நேரம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தாளிலேயே திருத்திக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தேன். 2013-இல் ஓர் ஓவியப் போட்டி வந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டில் ஆடு வளர்ப்பவள், ஓர் ஆட்டை வரைந்திருந்தாள். முன்னங்கால்கள் இரண்டும் மடிந்து, பின்பக்கம் உயர்ந்து, விழப்போவதுபோல இருந்தது. நல்ல படம் காலில் கெட்டுவிட்டதே என்று நினைத்து, அன்றிரவு வீட்டில் அந்தக் கால்களை ரப்பரால் அழித்து, நான்கையும் நேராக நிறுத்தி வரைந்து அனுப்பிவிட்டேன். படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடையில் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தவள், அடுத்த வகுப்பில் வெறும் தாளை என்னிடம் நீட்டி, "நீங்களே வரைஞ்சிடுங்க டீச்சர்" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

திரும்பி வந்த அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அம்மாச்சியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. படத்தை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். ரப்பர் கரியைத்தான் அழித்திருந்தது. பென்சில் அழுந்திய தடம் தாளில் அப்படியே இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நிக்கிற ஆடு இல்லம்மா, எழுந்திரிக்கிற ஆடு. ஆடு மாடெல்லாம் பின்னாலதான் முதல்ல தூக்கும், முன்னங்கால் அப்புறந்தான் நிமிரும். அந்தப் புள்ள தினமும் பாத்திருக்கு. நீ பாத்ததில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை. ஆட்டை நான் பார்த்திருந்தேன். அது எழுந்திருப்பதைப் பார்த்ததில்லை. சரியாக வரைந்திருந்த ஒரு குழந்தையைத் தவறென்று திருத்தி, அந்தத் தவற்றுக்குப் பரிசும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பதை அந்தச் சன்னலடியில்தான் உணர்ந்தேன். என் பணிக்காலத்தில் அதைவிட வருந்திய நாள் இன்றுவரை வேறொன்று இல்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அந்தப் பெண்ணுடன் அவள் வீட்டுக்குப் போனேன். நான் செய்தது தவறு என்றும், அவள் வரைந்ததுதான் சரி என்றும் அவளிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆடு எழுந்திருப்பதை எனக்குக் காட்டுவாயா என்று கேட்டேன். கொட்டகையில் படுத்துக் கிடந்த வெள்ளாட்டை அவள் நாக்கைத் தட்டி அழைத்தாள். அது பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு கணம் முன்முட்டிகளில் நின்று, பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்தது. இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றேன். வேறோர் ஆட்டை எழுப்பினாள். நான்காவது ஆட்டுக்குப் பிறகு, நான் கேட்காமலே புத்தகப் பையிலிருந்து ஒரு தாளை உருவி, திண்ணையில் குப்புறப் படுத்து வரையத் தொடங்கினாள்.

நான் அவளருகே அமர்ந்து, அம்மாச்சி கொடுத்த நோட்டை அவள் தாளுக்குப் பக்கத்தில் விரித்தேன். ஓரத்தில் தேதியையும், ஏழாம் வகுப்பு என்பதையும், அவள் பெயரின் முதலெழுத்தையும் எழுதினேன். அவள் முன்னங்காலுக்கு வந்தாள், முட்டியை மடக்கினாள். இருட்டும்வரை அமர்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தில் நான் ஒரு கோடும் போடவில்லை.