தேர்த் தொம்பை, சட்டைக் கை

2015 சித்திரையில் தஞ்சைப் பெரிய கோயில் தேர் ஏறக்குறைய நூறு வருடத்துக்குப் பிறகு மறுபடி ஓடியபோது நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். சுற்றி நின்றவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, என் கண் தொம்பையில் மாட்டிக்கொண்டது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாகத் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, உருளையாக்கி, அடியில் குஞ்சம் கட்டித் தேரில் தொங்கவிடுவார்களே, அதுதான் தொம்பை. காற்றில் அது திரும்பியபோது ஒரு யாளி முகம் காட்டிவிட்டு மறைந்தது.

ஆடை வடிவமைப்பு படித்துவிட்டு, சொந்தமாக முதல் தொகுப்பு செய்ய உட்கார்ந்தபோது அந்த யாளி திரும்ப வந்தது. தொம்பை ஒரு குழாய், சட்டைக் கையும் ஒரு குழாய். இந்த எண்ணத்தை ஆறு உடுப்புகளாக மாற்ற எனக்குப் பதினாலு மாதம் ஆனது. கைத்தொழில்காரர்களோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் தவறு, நான் தேர்ந்தெடுத்த மாதம். தஞ்சாவூரில் தொம்பை தைக்கும் ஒரு பெரியவரைத் தேடித் தை மாதத்தில் போய் நின்றேன். பட்டறை முழுக்கச் சிவப்புத் துணி. "பங்குனித் தேர், சித்திரைத் தேர்னு வேலை தலைக்கு மேல கிடக்கு. சித்திரை கழிச்சு வா பாப்பா" என்றார். நான்கு மாதம் போயிற்று. யாரிடம் வேலை கேட்டுப் போகிறோமோ அவர்களுடைய பஞ்சாங்கத்தை முதலில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வைகாசியில் மறுபடி போனேன். பழைய தொம்பை இரண்டு விலைக்குக் கிடைத்தால் வெட்டி, நான் தைக்கப்போகும் கோட்டுச் சட்டையில் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "சாமிக்குக் கட்டினதும்மா. கிழிஞ்சு போனாலும் அதை வெட்டி உடம்புல போடக் கூடாது." சாமி உருவங்களும் கூடாது என்றார். யாளி, அன்னம், கிளி, தாமரை போடலாம், அதுவும் இடுப்புக்கு மேலே. அன்று முகம் தொங்கிப்போய்த்தான் பஸ் ஏறினேன். ஆனால் அவர் போட்ட அந்த எல்லைதான் என் வேலையை நேர்ப்படுத்தியது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தால் ஒரு கோட்டில் முப்பது உருவத்தைத் திணித்திருப்பேன்.

திணிக்கத்தான் செய்தேன், உருவங்களைச் சின்னதாக்கி. ஒரு கைக்குள் நான்கு யாளி வரும்படி வரைந்து கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தைத்துக் கொடுத்தார். பார்த்தால் யாளி பூனைக்குட்டி மாதிரி இருந்தது. விரல் அகலத் துணியை ஓரம் மடித்துத் தைக்க இடமில்லை, நூல் பிரிந்து வந்தது. அப்புறம்தான் சொன்னார்: "தேர்ல இருக்கிறது தெருக்கோடியில நிக்கிறவனுக்கும் தெரியணும்னு தைக்கிறது. சின்னதாக்காதே. எண்ணிக்கையைக் குறை." வலது கையில் ஒரே ஒரு யாளி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. இடது கையில் வெறும் பட்டைகள். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது, அது என்னுடையது இல்லை என்றாலும்.

எடை அடுத்த பிரச்சினை. தொம்பைக்கு உள்ளே கெட்டித் துணி வைத்துத் தைப்பார்கள், விறைப்பாக நிற்க வேண்டுமே. அதே முறையில் செய்த முதல் கோட்டு 4 கிலோ 200 கிராம் இருந்தது. போட்டுப் பார்த்த தோழி இருபது நிமிடத்தில் தோள் வலிக்கிறது என்று கழற்றினாள். உள்துணியை மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணியாக மாற்றி, கையின் மேற்பாதியில் மட்டும் விறைப்பு வைத்தோம். 2 கிலோ 600 கிராமுக்கு வந்தது. குழாய் மடங்காது என்பதால் முழங்கையில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அங்கே கூறைநாட்டுக் கட்டம் போட்ட பட்டும் பருத்தியும் கலந்த துணியைச் சுருக்கி வைத்தேன். என் அம்மாவின் கல்யாணக் கூறையில் கிழியாமல் மிஞ்சிய பகுதி அது.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்த் துணியைத் துவைப்பதில்லை, அதனால் அங்கே சிவப்பு ஓடினாலும் யாருக்கும் கவலையில்லை. உடுப்பில் வேர்வை படும். முதல் கோட்டில் நீராவி இஸ்திரி போட்டதுமே வெள்ளைத் தாமரை ரோஜா நிறமானது. அதன்பிறகு வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் தண்ணீர் தெளியும் வரை அலசினோம். சிவப்புக்கு ஏழு தண்ணீர் தேவைப்பட்டது. துணி சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிட்டது.

பளபளப்புக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி முனை ஊசியால் போடும் பூத்தையல். எங்கள் தெருவில் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி போடும் இரண்டு அக்காக்கள் செய்தார்கள். தைத்து முடித்த கையின் மேல் போடச் சொன்னேன். நான்கு அடுக்கில் ஆரி ஊசி இறங்கவே இல்லை, ஒரே மத்தியானத்தில் மூன்று ஊசி உடைந்தது. வரிசையை மாற்றினோம். பட்டர் பேப்பரில் குண்டூசித் துளை போட்டு, சாக்பீஸ் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து, தனித்துணியில் யாளியின் பிடரியை இறக்கினார்கள். அதை ஸ்டாண்டில் இழுத்துக் கட்டி, ஜரிகையும் சமிக்கியும் முதலில். வெட்டுவது, அடுக்குவது, தைப்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஓரத்தில் அரை அங்குலத்துக்கு மணியே வைக்கக் கூடாது, வைத்தால் தையல் மெஷின் ஊசி அதில் பட்டு உடையும்.

பணத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு ஜோடிக் கைக்குப் பெரியவருக்குப் பதினோரு நாள். நாள் ஒன்றுக்கு 1,200 ரூபாய் பேசி, 13,200. ஆரிக்கு 9,000. துணி, உள்துணி, கோட்டின் உடல் தைத்த கூலி சேர்த்து ஒரு கோட்டு எனக்கே 31,000 ரூபாய் அடங்கியது. ஒரு துணிக்கடையில் காட்டியபோது, "இதையே கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் 6,000-க்குள் முடியுங்கள், ஐம்பது எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். இன்னொருவர், "ஒடிசா பிப்பிலியில் இதெல்லாம் மலிவாகவே கிடைக்குமே" என்றார். பிப்பிலிக்காரர்கள் பூரி ஜெகந்நாதர் தேருக்குத் தைக்கிறவர்கள். அவர்கள் வேலைக்கு அவர்கள் ஊர் நிறமும் வடிவமும் உண்டு, அதை மலிவுச் சரக்காகப் பார்ப்பதே எனக்குக் கோபத்தை வரவழைத்தது. இரண்டு பேரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, கடன் இருந்தது.

சென்னையில் ஒரு சின்ன அரங்கில் ஆறு உடுப்புகளையும் காட்டினேன். பெரியவரை வரச் சொல்லி டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தேன். வந்தார், முன்வரிசையில் உட்கார மாட்டேன் என்று கடைசி நாற்காலிக்குப் போனார். யாளிக் கோட்டு வெளியே வந்ததும் எழுந்து சுவரோரம் நின்று பார்த்தார். முடிந்ததும் கேட்டேன், "எப்படி இருந்தது ஐயா?"

"கடைசி வரைக்கும் தெரியுது" என்றார்.

இரண்டு கோட்டு விற்றது, மூன்றுக்கு ஆர்டர். இப்போது ஆடி. தை வருவதற்குள் மூன்றையும் தைத்து முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு அவர் கை தேருக்குப் போய்விடும். அடுத்ததில் அன்னம் வருகிறது. சிவப்புத் துணி நேற்றுதான் அலசிக் காய்ந்தது.