ஜப்பானிய வானிலைச் சொற்கள்: பட்டியலை மூடிவிட்டு முன்னறிவிப்பைத் திறங்கள்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். ஹரு வசந்தம், நட்சு கோடை, அகி இலையுதிர் காலம், ஃபுயு குளிர்காலம். அமெ மழை, யுகி பனி, கஸெ காற்று. ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-இன் கேட்டல் பகுதியில் நேற்று மழை, இன்று மேகமூட்டம், நாளை வெயில் என்று ஒரு குரல் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகும்போது அந்தப் பட்டியல் கைகொடுக்காது. என்5-இல் தொடங்கி என்3 வரை எழுதி வந்ததில் எனக்குப் பட்டது இதுதான்: வானிலைச் சொற்களைத் தனித்தனியாகப் படிப்பதில் பயனில்லை. வினைச்சொல்லோடும், ஜப்பானின் நாள்காட்டியோடும் சேர்த்துப் படித்தால்தான் நிற்கும். 2010-இல் தேர்வை மாற்றியமைத்த பிறகு அதிகாரபூர்வமான சொற்பட்டியல் எதுவும் வெளியாவதில்லை என்பதால், எந்தப் பட்டியலையும் வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம்.

முதலில் நோட்டுப் புத்தகம். இங்கே வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் அப்படி எழுதாதீர்கள். முன்னறிவிப்பில் ஓயாமல் வரும் தொகிதொகி (அவ்வப்போது) என்ற சொல்லைப் பாருங்கள். முதல் தொ வல்லோசை, இரண்டாவது பேச்சில் 'தோசை' என்னும்போது வருவது போன்ற மெல்லிய ஓசை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும். ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவில் இரண்டு புள்ளிக்கோடுகள் போட்டு அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவார்கள். ஹிரகானா பழக இரண்டு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது வினைச்சொற்கள். இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் மழை பெய்கிறது, காற்று வீசுகிறது என்கிறோம். ஜப்பானியரும் அப்படியே அமெ கா ஃபுரு, கஸெ கா ஃபுகு என்பார்கள். மழையும் பனியும் ஃபுரு, காற்று ஃபுகு, மழை விட்டால் யமு, வெளுத்தால் ஹரெரு, மூடிக்கொண்டால் குமொரு. ஆங்கில வழிப் புத்தகத்தில் படிப்பவர்கள் மழையை எழுவாயாக வைக்கவே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நேராகத் தமிழிலிருந்து போனால் இந்தச் சிக்கலே வராது. என்4-இல் அமெ நி ஃபுரரெதா என்று ஒரு செயப்பாட்டு வடிவம் வரும். இலக்கண விளக்கம் ஒரு பக்கம் நீளும். 'மழையில மாட்டிக்கிட்டேன்' என்று நினைத்துக்கொண்டால் போதும், அந்தச் சலிப்பும் சேர்ந்தே வந்துவிடும்.

என்4 மாணவர்களை வாட்டி எடுக்கும் இன்னொரு இடமும் தமிழில் எளிதாகிவிடும். ஃபுரிஸோ தெஸு என்றால் வானத்தைப் பார்த்துவிட்டு 'பெய்யும்போல இருக்கு' என்பது. ஃபுரு ஸோ தெஸு என்றால் யாரோ சொல்லக் கேட்டு 'பெய்யுமாம்' என்பது. ஒரு ரி, ஒரு ரு, அவ்வளவுதான் வித்தியாசம். கேள்வியில் 'தென்கி யொஹோ நி யொரு தொ', அதாவது வானிலை அறிக்கைப்படி என்று தொடங்கினால் விடை 'பெய்யுமாம்' பக்கம்தான்.

குளிருக்கும் வெப்பத்துக்கும் உள்ள பெயரடைகளில் கவனம் வேண்டும். சுற்றியுள்ள குளிர் ஸமுய். தொட்டால் சில்லென்று இருப்பது ட்சுமெதய். ஆகவே குளிர்ந்த தண்ணீர் ட்சுமெதய் மிஸு, ஸமுய் மிஸு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அட்சுய் மட்டும் இரண்டுக்கும் ஒரே ஒலி. வெயிலுக்கு ஒரு காஞ்சி (சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து), கொதிக்கும் தேநீருக்கு வேறு காஞ்சி. இதை வைத்தே தேர்வில் கேள்வி கேட்பார்கள். ஸுஸுஷீ இதமான குளிர்ச்சிக்கு மட்டும். முஷிஅட்சுய் என்பதற்குப் பொருள் சொல்லவே தேவையில்லை, சென்னைக்காரருக்குப் புழுக்கம் என்றால் போதும். இறந்தகாலம் சொல்லும்போது அட்சுகத்தா தெஸு, ஆனால் அமெ தெஷிதா. பெயரடை தானே உருமாறும், பெயர்ச்சொல் மாறாது. அட்சுய் தெஷிதா என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இப்போது நாள்காட்டிக்கு வருவோம். மார்ச் முதல் மே வரை ஹரு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நட்சு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை அகி, மற்றவை ஃபுயு. நமக்கு மே மாதம் என்றால் கத்திரி வெயில், ஐப்பசி கார்த்திகை என்றால் அடைமழை. அந்த நினைப்பை ஓரம் வைத்துவிடுங்கள். ஜப்பானில் மழைக்காலமான ட்சுயு, தென்கோடி ஒகினாவாவில் மே மாதமே தொடங்கி, தோக்கியோ பக்கம் ஜூனில் வந்து, ஜூலையில் விலகும். வடகோடி ஹொக்கைதோவுக்கு ட்சுயு அறிவிப்பே கிடையாது. ட்சுயு முடிந்தபின் கொளுத்தும் வெயில், ஆகஸ்ட், செப்டம்பரில் தைஃபூ எனும் சூறாவளி. நாம் புயலுக்குப் பெயர் வைத்துப் பேசுவோம், அவர்கள் அந்த ஆண்டின் முதலாவதிலிருந்து எண் கொடுத்து, தைஃபூ ஜூ-கோ, அதாவது பத்தாம் எண் சூறாவளி, என்பார்கள். கேட்டல் பகுதியில் எண் காதில் விழுந்தால் தேதி என்று நினைத்துவிட வேண்டாம்.

வெப்பநிலைக்கும் பெயர் உண்டு. அன்றைய உச்சம் 25 டிகிரியைத் தொட்டால் நட்சுபி, 30 என்றால் மனட்சுபி, 35 என்றால் மோஷோபி. கடைசிச் சொல்லை ஜப்பான் வானிலை முகமை 2007-இல்தான் சேர்த்துக்கொண்டது. 25 டிகிரிக்கு நம் ஊரில் ஸ்வெட்டர் தேடுவார்கள் என்பது வேறு விஷயம்.

என் பரிந்துரை இதுதான்: வானிலை முகமையின் இணையதளத்தில் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து நாள்தோறும் ஒரு நிமிடம் வாசியுங்கள். நான் ஸப்போரோவையும் நாஹாவையும் வைத்துக்கொண்டேன். ஒன்று வடக்கே பனிக்குள், மற்றொன்று தெற்கே வெப்பமண்டலத்தை ஒட்டி. பிப்ரவரியில் ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் பாதிச் சொற்கள் வந்துவிடும். மூன்றாவதாக, ஜப்பான் கடலோரத்தில் உள்ள நீகாத்தாவைச் சேர்த்தால் இன்னும் நல்லது. குளிர்காலத்தில் ஸைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, மலைகளில் மோதி, அந்தக் கரையில் பனியைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி தோக்கியோவுக்கு வரும்போது வெறும் உலர்காற்றுதான். அதனால்தான் ஜனவரியில் நீகாத்தாவுக்கு யுகி, தோக்கியோவுக்கு ஹரெ என்று அடுத்தடுத்து நிற்கும்.

வாசிக்கும்போது மூன்று இணைப்புச் சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹரெ நொச்சி குமொரி என்றால் முதலில் தெளிவு, பிறகு மேகமூட்டம். குமொரி இச்சிஜி அமெ என்றால் இடையில் ஒரு தடவை தொடர்ச்சியாக மழை, ஆனால் முன்னறிவிப்பு நேரத்தில் கால் பங்குக்கும் குறைவாக. குமொரி தொகிதொகி அமெ என்றால் விட்டு விட்டுப் பெய்யும், மொத்தம் பாதி நேரத்துக்கும் குறைவு. பிக்னிக் போகலாமா வேண்டாமா என்று இருவர் பேசும் வகைக் கேள்விகளில் விடை இந்த இணைப்புச் சொல்லில்தான் ஒளிந்திருக்கும்.

காஞ்சியில் மழைக்கான எழுத்தை ஒழுங்காகக் கற்றால் ஒரு குடும்பமே வந்து சேரும். பனி, மேகம், இடி, மூடுபனி, உறைபனி எல்லாவற்றின் தலையிலும் அது குட்டையாக உட்கார்ந்திருக்கும். மின்சாரத்திலும் உண்டு, மின்னலிலிருந்து வந்த எழுத்து என்பதால். ஒலிப்புதான் தொல்லை. தனியே நின்றால் அமெ, மழைக்குடை என்னும்போது அமகஸா, வசந்தகால மழை ஹருஸமெ, 'மழை வந்தால் ரத்து' என்ற அறிவிப்பில் உதென். இதற்கு விதி தேடிப் போகாமல் கூட்டுச்சொல்லாகவே படித்துவிடுங்கள்.

அப்புறம் இரட்டைக்கிளவி. தமிழில் கசகச, பிசுபிசு என்று வளர்ந்தவர்களுக்கு இது விளையாட்டு மாதிரி. கொட்டும் மழை ஸாஸா, மென்மையாக நிற்காமல் பெய்வது ஷிதொஷிதொ, முதல் துளிகள் பொட்சுபொட்சு, ட்சுயு காலத்து ஈரக் கசகசப்பு ஜிமெஜிமெ, இதமான வெயில் பொக்கபொக்க, இடி கொரொகொரொ. என்3 பக்கம் போகும்போது இவற்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

பேச்சில் வானிலை என்பது தகவல் பரிமாற்றமல்ல, முகமன். வேலைக்கான நேர்காணலில் எதிரே இருப்பவர் 'கியோ வா ஸமுய் தெஸு நெ' என்று தொடங்கினால் வெப்பநிலை எத்தனை டிகிரி என்று விளக்க வேண்டாம். 'ஸோ தெஸு நெ' என்று ஒத்துக்கொண்டு, முடிந்தால் நேற்றைவிடக் குளிர் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள், அடுத்த கேள்விக்குக் குரல் நடுங்காது.