பாலாற்றங்கரையிலிருந்து ஆசியா: ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையின் சனிக்கிழமைக் குறிப்புகள்

14 ஜூன் 2025, சனி

ஓய்வு பெற்ற பிறகு இன்றுதான் ஆசிரியர்கள் முன்னால் நின்று பேசினேன். காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகை, பதினோரு பேர், எல்லாரும் சமூக அறிவியல் எடுப்பவர்கள். யாரும் அனுப்பி வைக்கவில்லை, வருகைப் பதிவேடு கிடையாது. ஆசிய நாடுகளின் வரலாற்றை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தாங்களாகவே வந்தவர்கள்.

ஆசிய வரைபடத்தை விரித்து, சீனத்து அரச மரபுகள், கன்பூசியஸ், பட்டுப் பாதை என்று ஒன்றரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே குறிப்பெடுத்தார்கள். முடிவில் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த இளம் ஆசிரியர் எழுந்தார்.

"அம்மா, இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பு புக்லயே இருக்கு. நாங்க நடத்துறோம், பசங்க மனப்பாடம் பண்றாங்க. அவங்களுக்குச் சீனான்னா அஞ்சு மார்க்கு. அதுக்கு மேல எப்படிக் கொண்டு போறதுன்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தோம்."

அவர் கேட்டது நியாயம். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்றேன்.

15 ஜூன், ஞாயிறு

தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பாலாற்றங்கரைக்கு நடந்து போனேன். முத்து மண்டபம் வரை போய் உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை வருடம் இந்த வழியாகப் பஸ்ஸில் பள்ளிக்குப் போயிருக்கிறேன்! கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்தார்கள். 1816-இல் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30-இல் இங்கேயே இறந்தார். மண்டபத்தைத் தமிழக அரசு 1990-இல் கட்டியது. ஓர் ஆசிய அரசின் கடைசி அத்தியாயம் எங்கள் ஊர் ஆற்று மணலில் முடிந்திருக்கிறது. நானோ நேற்று பெய்ஜிங்கிலிருந்து ஆரம்பித்தேன். இங்கிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

21 ஜூன், சனி

கொட்டகையில் உட்காரவில்லை, நேராக மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். பாலாறு வறண்டு கிடந்தது. காலை எட்டரைக்கே வெயில் சுட்டது.

சமாதிக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இலங்கையின் பௌத்த அரசர். அவருக்குக் கண்ணுசாமி என்ற பெயர் எப்படி வந்தது?" அரியணை ஏறுவதற்கு முன் அவர் பெயர் அதுதான். அங்கிருந்து கயிறு பிடித்தது போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். 1739-இல் வாரிசில்லாமல் போனபோது அரசியின் தம்பியே அரசரானார். அவருக்கு அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் இலங்கையில் முறைப்படி உபசம்பதா, அதாவது முழுத் துறவு தீட்சை, பெற்ற துறவிகளே இல்லாத நிலை. அவர் சயாமின் அயோத்தியா அரசருக்குத் தூது அனுப்பினார். உபாலி தேரரும் மற்றத் துறவிகளும் 1753-இல் கண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றும் இலங்கையில் அந்த வழிக்குச் சயாம் நிகாயம் என்றே பெயர். தமிழ் மண்ணிலிருந்து போன குடும்பத்து அரசர், சிங்கள நாட்டில், தாய்லாந்திலிருந்து பௌத்தத்துக்கு உயிர் கொண்டுவந்தார். வரைபடத்தில் மூன்று புள்ளிகள் வைத்தால் போதும், பாடம் முடிந்தது.

அப்புறம்தான் கடினமான பகுதி. பேரணாம்பட்டு ஆசிரியை கேட்டார்: "டீச்சர், இவரு நல்ல ராஜாவா?" மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். 1814-இல் தன்னை எதிர்த்த எகலப்பொல என்ற பிரதானியின் மனைவி மக்களைக் கொல்ல ஆணையிட்டவர் இவர். எகலப்பொலவின் மூத்த மகன் அஞ்சி நின்றபோது அவன் தம்பி மத்தும பண்டார தானே முன்வந்து தலை கொடுத்தான் என்று இலங்கையில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பாடத்தில் இடம் வேண்டும். இங்கே நாடிழந்து சாகிறவரை அடைபட்டிருந்த மனிதரும் அதே பாடத்தில் இருக்க வேண்டும். பாதியைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிடப் பாடத்தை எடுக்காமலேயே இருக்கலாம் என்று நினைக்கிறேன். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

ஒரு பள்ளியில் இந்த இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வர அனுமதி கேட்டதற்கு, "சுடுகாட்டுக்கா சுற்றுலா?" என்று கேட்டார்களாம். வருத்தமாக இருந்தது.

28 ஜூன், சனி

இன்றைக்கு ஒரு கல். இலங்கையின் காலி நகரில் 1911-இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409 என்று ஆண்டு பொறித்துக் கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி.

படத்தை மூன்று துண்டாக வெட்டி, மூன்று குழுவுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் அந்தத் துண்டின் பொருளை மட்டும் தமிழில் எழுதித் தந்தேன். "காணிக்கை யாருக்கு? என்ன கொடுத்தார்கள்?" இவ்வளவுதான் கேள்வி. சீனத் துண்டு வைத்திருந்தவர்கள் "புத்தருக்கு" என்றார்கள். தமிழ்க் குழு "இல்லையே, தென்னாவர நாயனாருக்கு, பெருமாள் மாதிரி சொல்லியிருக்கு" என்றது. பாரசீகக் குழு "அல்லாஹ்வுக்கு" என்றது. ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பொருள்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. கல் ஒன்று, அனுப்பிய பேரரசர் ஒருவர், வணங்கப்பட்டவர்கள் மூவர். கொட்டகையே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது.

அறுநூறு வருடத்துக்கு முன் சீனப் பேரரசர் இந்தக் கடலில் நான்கு பேருக்குப் புரியும்படி பேச வேண்டுமென்றால் தமிழில் எழுத வேண்டியிருந்தது. இதைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளிடமிருந்து ஆசிரியர் பறித்துவிடக் கூடாது. அதனால் விடையை முதலில் சொல்லாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முப்பது வருடம் விடையை முதலில் சொல்லியே பாடம் நடத்தினேன். இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது.

கணியம்பாடித் தம்பி கேட்டார், "அப்போ சீனாவுலயும் தமிழ்க் கல்வெட்டு இருக்குமாம்மா?" இருக்கிறது. சுவான்சௌ துறைமுகத்தில், 1281-ஆம் ஆண்டு, குப்லாய் கான் நலத்துக்காகச் சிவன் கோயில் எடுத்த செய்தி. தமிழ் வரிகள், முடிவில் சீன எழுத்து. போனில் படத்தைக் காட்டியதும் போனையே வாங்கிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்து பெரிதாக்கி எழுத்துக் கூட்டினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

5 ஜூலை, சனி

நாலே பேர். சொற்களை மட்டும் பார்த்தோம். மலாயில் கப்பலுக்கு 'கபால்', கடைக்குக் 'கெடாய்', முதலுக்கு 'மோடால்'. நம்முடைய கிடங்கு அங்கே போய் 'கூடாங்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் நுழைந்து 'குடோன்' ஆகித் திரும்பி வந்திருக்கிறது. தோல் குடோன் என்று நாள் முழுக்கக் கேட்கும் ராணிப்பேட்டைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன?

10 ஜூலை, வியாழன்

வேலூர்ப் புரட்சி நாள். மக்கான் அருகே நினைவுத் தூணில் மாலை போட்டிருந்தார்கள். 1806-இல் திப்புவின் பிள்ளைகள் இந்தக் கோட்டையில் இருந்தார்கள்; புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பத்து வருடத்தில் கண்டி அரசர் வந்தார். மைசூரும் கண்டியும் ஒரே அகழிக்குள். கோட்டைக்குள் திப்பு மகால், கண்டி மகால் என்று பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த சனி இதைச் சேர்க்க வேண்டும்.

12 ஜூலை, சனி

திட்டமிட்ட எதையும் பேசவில்லை. பேரணாம்பட்டு ஆசிரியை சொன்னதைக் கேட்டதிலேயே நேரம் போய்விட்டது.

அவர் தன் ஒன்பதாம் வகுப்பில், "உங்க வீட்டுல யாராவது கடல் தாண்டிப் போயிருக்காங்களா? கேட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெரும்பாலும் துபாய், சவூதி, சிங்கப்பூர். ஒரு பெண் மட்டும் மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் தன் பாட்டியையே பள்ளிக்கு அழைத்து வந்துவிட்டாள். பாட்டியின் அப்பா மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். நம் வடஆற்காட்டிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். ஜப்பான்காரன் வந்த பிறகு சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்களாம். அதற்கு மேல் தகவல் இல்லை. "எங்கம்மா தாலிய கழட்டவே இல்ல. பொணத்த பாக்கலியே" என்றாராம் பாட்டி.

ஆசிரியைக்கு அந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன் என்றார். சரியாகத்தான் செய்திருக்கிறார். அதற்கு எந்தப் பயிற்சியிலும் குறிப்பு கிடையாது.

பிறகு நாங்கள் சேர்ந்து விவரம் எடுத்தோம். 1942 முதல் 1943 வரை போட்ட சயாம்–பர்மா பாதை, 415 கிலோமீட்டர். போர்க் கைதிகளைவிட மிக அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் செத்தார்கள்; தமிழர்கள் ஏராளம். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. கூலிகளில் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஜப்பான் பாடம் எடுக்கும்போது ஹிரோஷிமாவோடு இதையும் எடுக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

19 ஜூலை, சனி

பேரணாம்பட்டிலிருந்து வகுப்பு வரைபடத்தின் படம் வந்திருக்கிறது. பாலாற்றிலிருந்து கண்டிக்கு ஒரு நூல், கண்டியிலிருந்து அயோத்தியாவுக்கு ஒன்று, காலியிலிருந்து சீனாவுக்கு ஒன்று. அந்தப் பெண் மட்டும் பேரணாம்பட்டிலிருந்து மலாயாவுக்கும், அங்கிருந்து தாய்லாந்துக்கும் சிவப்பு நூல் ஒட்டியிருக்கிறாள். போர்க் கல்லறைகள் இருக்கும் ஊரின் பெயர் காஞ்சனபுரி என்று ஆசிரியை சொன்னதும், "மிஸ், இது நம்ம ஊர்ப் பேர் மாதிரியே இருக்கு" என்றாளாம். நூல் முடியும் இடத்தில் அந்தப் பெயரையும், அதன் கீழே கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் தமிழில் எழுதியிருக்கிறாள்.