பங்குனி வெயிலுக்கு மாடித்தோட்டத்தைத் தயார் செய்தது

கோவையில் பங்குனி பிறந்துவிட்டால் பதினோரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புண்ணியத்தில் ராத்திரி இதமாகத்தான் இருக்கிறது. பகலில்தான் 35 டிகிரியைத் தாண்டும் வெயில். நிலத்துச் செடி என்றால் வேரைக் கீழே இறக்கிப் பிழைத்துக்கொள்ளும். பைச்செடிக்குப் போக்கிடம் இல்லை. அதனால் இந்த வருஷம் கோடை வேலையை, மண் காயாமல் மேலே பரப்பி மூடும் மூடாக்கிலிருந்தே தொடங்கினேன்.

காய்ந்த தென்னையோலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி ஓர் அடுக்கு, அதன் மேல் தென்னைநார்க் கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் கட்டியாகக் கிடைக்கும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். வாளியில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டுத்தான் போட வேண்டும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்கக்கூடாது. இரண்டு விரல் இடம் விட்டால் தண்டு அழுகாது.

மூடாக்கு எவ்வளவு உதவுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வெண்டைப் பைகளில் ஒன்றை மூடி, மற்றதைத் திறந்தே விட்டேன். காலையில் இரண்டுக்கும் ஆளுக்கொரு செம்பு தண்ணீர். மத்தியானம் போய்ப் பார்த்தால், திறந்த பையில் மண் இறுகிச் சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. அதில் திரும்பத் தண்ணீர் ஊற்றினால் அந்த இடுக்கு வழியாக நேரே அடித்துளைக்கு ஓடிவிடுகிறது, வேருக்குப் போய்ச் சேருவதே இல்லை. மூடிய பையில் ஓலையை விலக்கி விரலை விட்டேன். நுனிவரை ஈரம், தொட்டாலே குளிர்ச்சி. சில நாள் கழித்து விலக்கியபோது மேல்மண்ணிலேயே வெள்ளை வெள்ளையாக வேர் பரவியிருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு! மற்ற பைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே மூடிவிட்டேன்.

வெண்டை, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா. மஞ்சள் நரம்பு நோயைத் தாங்குவதற்கென்றே வந்த ரகம். இருந்தாலும் அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைச் சும்மா விட முடியாது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கிறேன். கத்தரி இலைக்கு அடியில் செஞ்சிலந்தி மெல்லிய வலை பின்னத் தொடங்கியிருந்தது. காய்ந்த சூடுதான் அதற்குக் கொண்டாட்டம். குழாய்த் தண்ணீரை அடிப்பக்கமாகப் பீய்ச்சி அடித்ததிலேயே நன்றாகக் குறைந்துவிட்டது.

நிழல்வலையை எல்லாவற்றுக்கும் கட்டவில்லை. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் முழு வெயில்தான் பிடிக்கும். புதினா, கீரைப் பைகளுக்கு மட்டும் மேற்குப் பக்கமாக, பாதி வெயிலைத் தடுக்கும் ஐம்பது சதவீத வலை. கொத்தமல்லி இந்தச் சூட்டில் இலை விடாமல் பூவுக்கு ஓடிவிடுகிறது, அதை நிறுத்திவிட்டேன்.

பந்தலில் சுரை ஏறிவிட்டது. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், அந்த நேரத்தில் எங்கள் மாடிக்குத் தேனீ வருவதில்லை. ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, இதழை உரித்து, அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுகிறேன். மகரந்தம் ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அப்படித் தொட்டுவிட்டவை காய்க்கின்றன, விட்டுப்போனவை மஞ்சளாகி உதிர்கின்றன.

தக்காளியை எடுத்துவிட்டேன். இந்தச் சூட்டில் பூ நிற்காது, இனி ஆடிப்பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பைகளில் பழைய மண்ணைக் கிளறி, மண்புழு உரம் கலந்து கொத்தவரை ஊன்றினேன். முளைத்துவிட்டது. நாலு இலை வந்ததும் அதற்கும் மூடாக்குப் போட வேண்டும், ஓலை நறுக்கி வைத்தாயிற்று.